பொதுத்தேர்வுக்கு முன் அறக்கட்டளை நடத்தும் முகாமுக்குத் தங்கையை அனுப்பலாமா?

அனுப்புங்கள். தங்கை பிளஸ் டூ, செலவை ஒரு அறக்கட்டளை ஏற்றிருக்கிறது, தேர்வுக்கு முன் 10 நாள் தங்கிப் படிக்கக் கூப்பிடுகிறார்கள், "படிக்கிற பிள்ளை வீட்டிலேயே படிக்கும்" என்று அம்மா தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவும் இதையே சொன்னார். உங்கள் வீடும் எங்கள் வீட்டைப் போலத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். அம்மா பீடி சுற்றுபவர். நாள் முழுக்க உட்கார்ந்தாலும் தனியாக 600 பீடி தாண்டாது. நான் இலை வெட்டிக் கொடுத்து, தங்கை நூல் கட்டினால்தான் 1000 வரும். 2012 ஜனவரியில் எனக்குப் பிளஸ் டூ தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடத்து மின்வெட்டு சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மறந்திருக்காது. கரண்ட் இருக்கும் நேரத்தில் இலை வெட்டுவேன், போன பிறகு சிம்னி விளக்கில் படிப்பேன். ஏனென்றால் இலையை இருட்டில் வெட்ட முடியாது. வீட்டில் யாரும் என்னைப் படிக்காதே என்று சொன்னதில்லை. ஆனால் "ஒரு நிமிஷம் வாம்மா" என்ற குரல் வந்துகொண்டே இருக்கும், போகாமல் இருக்க மனசு வராது.

பொங்கல் முடிந்ததும் எங்களையும் இதே போன்ற ஒரு அறக்கட்டளை முகாமுக்கு ஏலகிரி மலைக்கு அழைத்துப் போனார்கள். பேருந்து ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பார்கள். நாங்கள் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே போனோம். முதல் இரண்டு நாள் எனக்குப் படிப்பே ஓடவில்லை. புத்தகத்தைத் திறந்தால் விரல்கள் இலையைத் தேடும். மூன்றாம் நாள்தான் ஒன்று புரிந்தது: மதிய சாப்பாடு வரை என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. அப்படி ஒரு காலைப்பொழுது அதுவரை எனக்கு வாய்த்ததே இல்லை.

பாடம் நடத்தியதைவிட எழுத வைத்ததுதான் அதிகம். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் முழு வினாத்தாளைக் கொடுத்து மூன்று மணி நேரம் உட்கார வைத்தார். அப்போது இயற்பியல் தாளின் 150 மதிப்பெண்ணில் 40, நான்கு பத்து மார்க் கேள்விகளுக்கு இருந்தது. நான் ஒரு மார்க்கில் தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டு போய், கடைசி இரண்டு பெரிய கேள்விகளைத் தொடவே இல்லை. விடை தெரியாமல் இல்லை. மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் எழுதி எனக்குப் பழக்கமே இல்லை. "பெரிய கேள்வியை முதலில் எழுது, கை சோர்ந்த பிறகு ஒரு மார்க் எழுதலாம்" என்றார். அப்புறம் பொதுத்தேர்வில் ஒரு கேள்வியையும் விடவில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முகாமின் கடைசி நாள் மாலை நன்கொடை கொடுத்தவர்கள் வந்தார்கள். எங்களை ஒவ்வொருவராக மேடையேற்றி, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொன்னார்கள். என் பக்கத்தில் இருந்த பெண் அப்பாவின் குடியைப் பற்றிச் சொல்லிவிட்டு, இரவு முழுக்க யாரிடமும் பேசவில்லை. நான் மைக்கைப் பிடித்து, அன்று படித்த பாடத்தைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். உதவி செய்தவர்களைக் குறை சொல்கிறாள் என்று சிலர் எழுதுவீர்கள். அவர்கள் கட்டிய பணத்தில்தான் நான் பொறியியல் முடித்தேன், இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. மதிப்பெண் பட்டியலைக் காட்டலாம். அப்பாவின் குடியை ஏன் காட்ட வேண்டும்?

இதே கஷ்டக் கதையை முதல் பட்டதாரி சான்றிதழுக்காகவும் சொல்லியிருக்கிறேன். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவர் கவுன்சலிங் மூலம் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசு கட்டும் என்று 2010-ல் வந்த சலுகை, எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அந்த ஒரு தாளுக்கு அம்மாவும் நானும் நான்கு முறை அலைந்தோம். தனிக்குடும்பமாக இருக்கும் எங்களிடம் "பெரியப்பா பையன் டிகிரி படிச்சிருக்கானே" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனது. இதை எத்தனை வருடம் ஆனாலும் என்னால் மறக்க முடியவில்லை.

கூலி என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் அம்மாவின் தயக்கத்தைத் தவறு என்று சொல்லாதீர்கள். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டு வருமானம் குறைந்தது. என் பங்கு இலையைப் பத்து வயதுத் தங்கைதான் வெட்டினாள். உங்கள் வீட்டில் அந்தப் பத்து நாள் வேலையை யார் பார்ப்பது என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். முடிந்தால் நீங்களே பாருங்கள். அறக்கட்டளைக்கு இன்றே போன் செய்து, மேடையில் பேசச் சொல்வார்களா என்று கேளுங்கள். சொல்வார்கள் என்றால், என் தங்கை பேச மாட்டாள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், முகாம் மலையில் என்கிறீர்கள், ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். நான் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டுதான் விடியற்காலையில் படித்தேன்.