ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுதிய தேசிய வீரர் ஹோசே ரிசாலைப் பிலிப்பைன்ஸில் சிலர் ஏன் கடவுளாகக் கும்பிடுகிறார்கள்?

தலைவர் மேல் வைத்த பக்தி அளவு மீறிவிட்டது என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அவரை வழிபடும் 'ரிசாலிஸ்தா'க்களைப் புரிந்துகொள்ள முதலில் 'பாஸ்யோன்' தெரிந்திருக்க வேண்டும். இயேசு பட்ட பாடுகளைத் தகாலோக் மொழியில் செய்யுளாக்கி, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ராகம் போட்டு மணிக்கணக்கில் ஓதுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது மனப்பாடம்.

1896 டிசம்பர் 30 காலையில் மணிலாவின் பாகும்பாயான் திடலில் ஸ்பானியர் ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். பாஸ்யோன் கேட்டுப் பழகிய காதுகளில்தான் அந்தச் சேதி விழுந்தது. கையைப் பின்னால் கட்டிக் கோட்டையிலிருந்து நடத்திப் போனது சிலுவைப் பாதையானது. கண் மருத்துவரான அவர் செய்த அறுவைச் சிகிச்சைகள், குருடருக்குப் பார்வை தந்த அற்புதங்களாயின. அவர் கடைசியாகச் சொன்னதாகக் கூறப்படும் 'எல்லாம் நிறைவேறிற்று' என்பதும் சிலுவையில் ஒலித்த வார்த்தைதான். உடலைப் பாகோ இடுகாட்டில் அடையாளமில்லாமல் புதைத்தார்கள். அக்கா நார்சிசா தேடி அலைந்து இடத்தைக் கண்டுபிடித்து, பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக 'ஆர்.பி.ஜே.' என்று பொறித்து வைக்கச் செய்தார். கல்லறையைத் தேடி வந்த பெண், இயேசுவின் கல்லறைக்கு வந்த மகதலா மரியாளை நினைவூட்டுவார் என்று சொல்லவே வேண்டாம்.

வெளியார் செய்யும் பெரிய தவறு, எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது. ரோமிலிருந்து பிரிந்த பிலிப்பைன்ஸ் சபையான அக்லிப்பாய் திருச்சபை 1903இல் ரிசாலைப் புனிதராக அறிவித்தது, கடவுளாக அல்ல. பிறகு அதையும் கைவிட்டது. ரிசால் பிறந்த ஊரான கலம்பாவின் 'வாத்தவாத் நங் லாஹி' (இனத்தின் கொடி) மரபில் அவர் பெயரையே 'ஹோவே ரெக்ஸ் ஆல்' என்று பிரித்து, 'அனைத்துக்கும் அரசனான இறைவன்' எனப் பொருள் கண்டார்கள். பனஹாவ் மலையடிவாரத்தில் உள்ள 'சியுதாத் மிஸ்திகா' என்ற குழுவில் குருத்துவம் பெண்கள் கையில், தலைவி 'சுப்ரெமா'. சிலருக்கு ரிசால் மறுபடி வந்த கிறிஸ்து, சிலருக்குத் தூய ஆவி, சிலருக்கு இன்னும் சாகாதவர்.

பனஹாவ் போனால் 'புவெஸ்தோ' எனப்படும் புனித இடங்களை உள்ளூர் வழிகாட்டியோடு பாருங்கள். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த இடத்துக்குரிய செபத்தைச் சொல்வது முறை. 'ஹுஸ்காதோ' குகை மிகக் குறுகலானது. ஊர்ந்துதான் போக வேண்டும். பாவம் உள்ளவர் சிக்கிக்கொள்வார் என்பது நம்பிக்கை. உடல் பருமனோ மூச்சுத்திணறலோ இருந்தால் வெளியிலேயே நின்றுகொள்ளுங்கள். குப்பை பெருகியதால் 2004இல் உச்சிப் பாதைகளை மூடினார்கள். எனவே மலையேற்றத்தைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

அங்குள்ளவர்களிடம் 'இவரைக் கடவுள் என்கிறீர்களா?' என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். 'ரிசால் உங்களுக்கு யார்?' என்று கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் பதிலைத் தானே விரிவாகச் சொல்லும்.