‘ரெக்கவரி’ காட்டுவது என்றால் என்ன? அதில் நிரபராதி எப்படி மாட்டுகிறார்?

களவுபோன பொருளைப் பிடிபட்டவர் சொன்ன இடத்திலிருந்து போலீஸ் எடுப்பதுதான் ரெக்கவரி. அடித்து வாங்கியிருக்கலாம் என்பதால், போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆனால், அதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஊழல் நுழைகிற சந்து இதுதான்.

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றில் வெள்ளிக் குத்துவிளக்கு காணோம் என்று வையுங்கள். வாட்ச்மேனைப் பிடித்து, அவர் வீட்டு வைக்கோல் போருக்குள்ளிருந்து விளக்கை ‘எடுத்தால்’ கதை முடிந்தது. ஒளித்து வைத்தவனே தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு! பொருளை எடுத்ததைச் சாட்சிகள் முன் எழுதிக்கொள்ளும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் பழகிய ஆள் இருந்தால் இன்னும் சுலபம்.

“ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாச்சு, இனி அவ்வளவுதான்” என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே, அடித்து வாங்கினார்கள் என்று சொல்லலாம்.