தெற்குப் பார்த்த பால்கனியில் தொட்டிச் செடிகளை எந்தப் பட்டத்தில் தொடங்குவது?

சென்னையில் நான்கடி அகலமுள்ள தெற்குப் பார்த்த பால்கனி இருப்பதாகவும், ஆடிப்பட்டத்தில் தக்காளியும் வெண்டையும் விதைக்க எண்ணியிருப்பதாகவும் எழுதி, மூலிகைகளில் எவை எளிதாக வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் வீடும் சென்னையில்தான். மூன்றாம் மாடி, அதே தெற்குப் பார்த்த பால்கனி. ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஆடியில் காய்கறி விதைக்காதீர்கள், ஐப்பசிக் கடைசி வரை பொறுத்திருங்கள்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியில் குற்றமில்லை. அது வானம் பார்த்த வயலுக்குச் சொன்னது. மொட்டைமாடிக்கும் ஓரளவு பொருந்தும். தலைக்கு மேல் தளம் உள்ள பால்கனிக்குத்தான் பொருந்தாது. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. உதிப்பதும் மறைவதும்கூட வடக்கே ஒதுங்கித்தான். அதனால் ஆடி மாதம் முழுவதும் தெற்குச் சுவர் வீட்டின் நிழலிலேயே கிடக்கும். மார்கழியிலோ உச்சிவேளையிலும் சூரியன் 53 பாகை உயரத்தில் தெற்கே சாய்ந்து நிற்பதால், மேல்தளத்தின் விளிம்புக்குக் கீழாக வெயில் நுழைந்து உள்சுவர் வரை வந்து படிகிறது. வடக்குப் பார்த்த பால்கனிக்கு இது அப்படியே தலைகீழ். அவர்களுக்கு ஆடியில் காலையும் மாலையும் சாய்வெயில் கிடைக்கும்.

இதை நான் ஓர் ஆண்டை வீணாக்கிய பிறகே புரிந்துகொண்டேன். ஆடியில் விதைத்த தக்காளி முளைத்த பத்தாம் நாளே தண்டு நூலாக நீண்டு, அத்தனை நாற்றுகளும் கம்பித் தடுப்பின் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. மண்ணில்தான் சத்துக் குறைவு என்று எண்ணி, மண்புழு உரத்தைக் கூட்டினேன். கடலைப்புண்ணாக்கை ஊறவைத்த நீரையும் ஊற்றினேன். விளைவு, இலைகள் கொழுத்து இளகி, சாறுறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு விருந்தாயின. பூ மட்டும் வரவில்லை. வெயிலுக்குப் பதிலாக உரத்தைக் கொடுத்து ஏமாற்ற முடியாது. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை வெயில் விழும் எல்லையைச் சாக்கட்டியால் தரையில் கோடிட்டுப் பாருங்கள். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். மாதம் மாறினால் கோடும் மாறும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது.

மண் கலவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, செடி வளர்க்கும் பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. வெறும் செம்மண்ணை நிரப்பினால், பன்னிரண்டு அங்குலப் பை ஒன்றே நனைந்தபின் முப்பது கிலோவைத் தாண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் அப்படிப் பத்துப் பைகளை வரிசையாக வைப்பது விவேகமன்று. கனமான பைகளை வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதில் தங்கியிருக்கும் உப்பு நாற்றின் வேரைக் கருக்கிவிடும். நான் அலசாமல் போட்டேன். முதல் நாள் ஊற்றிய நீர் தேநீர் நிறத்தில் வடிந்து, நேராகக் கீழ்வீட்டு மாமி காயப்போட்டிருந்த அரிசி வடாத்தின் மேல் சொட்டியது. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தட்டை மேலே கொண்டுவந்து காட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே எல்லாப் பைகளுக்கும் அடியில் தட்டு வாங்கி வைத்துவிட்டேன். அந்தத் தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும்; அதையும் அவ்வப்போது கொட்டிவிட வேண்டும்.

தக்காளிக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 ரகத்தையே நான் வைக்கிறேன். ஐப்பசிக் கடைசியில் குழித்தட்டில் விதைத்து, மழைச்சாரல் படாமல் காத்து, இருபத்தைந்து நாள் நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் பைக்கு மாற்றினால், மாசித் தொடக்கத்தில் பழம் பறிக்கலாம். வெயில் மட்டுமன்றி இரவுக் குளிர்ச்சியும் அப்போதுதான் ஒத்துவருகிறது. சித்திரை, வைகாசியின் புழுக்கமான இரவுகளில் மகரந்தம் கெட்டு, பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். மூன்றாம் மாடிக்குத் தேனீ வராவிட்டாலும் கவலையில்லை. தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கக்கூடியது, காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். பழத்தின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தால், உடனே முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஓடு மட்க மாதக்கணக்காகும். சுண்ணாம்புச் சத்து நீரோடுதான் பழத்துக்குப் போகிறது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதே பெரும்பாலும் இந்த நோய்க்குக் காரணம். தினமும் அளவாக ஊற்றி, மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பிய பிறகு எனக்கு அது வரவேயில்லை.

வெண்டையை மார்கழியில் நேராகப் பையிலேயே ஊன்றுங்கள். ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். நான்கு செடிகளாவது இருந்தால்தான் ஒரு வேளைப் பொரியலுக்குத் தேறும். இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும். பங்குனியில் சூரியன் உயரும்போது வெயிலும் பால்கனியை விட்டு விலகும். அத்துடன் காய்கறிப் பருவம் முடிந்தது என்று கொள்ளலாம்.

கொத்தமல்லியையும் இந்தக் குளிர்மாதங்களிலேயே போடுங்கள். ஒரு தனியாவில் இரண்டு விதைகள் இருப்பதால், சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் பத்து நாளுக்குள் முளை தெரியும். கோடையில் போட்டால், இலை தருவதற்கு முன்பே பூத்துவிடும்.

ஆடியிலேயே எதையாவது நட்டாக வேண்டும் என்று கை பரபரத்தால், நிழலைப் பொறுத்துக்கொள்ளும் மூலிகைகளில் தொடங்குங்கள். புதினாவுக்கு நர்சரிக்குப் போக வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளை எடுத்து, இலையைச் சட்னிக்குக் கிள்ளிக்கொண்டு, தண்டைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். கற்பூரவள்ளிக்கு அதுகூடத் தேவையில்லை, ஒடித்து ஊன்றினால் போதும். நீர் அதிகமானால் மட்டும் அழுகும். இவை இரண்டையும்விட எனக்கு நெருக்கமானது வெற்றிலைதான். கொடிக்காலிலேயே அகத்தியின் நிழலில் வளர்க்கப்படும் கொடி அது; நம் பால்கனியின் ஆடி மாத நிழல் அதற்கு நன்றாகவே ஒத்துவருகிறது. கணுவோடு ஒரு துண்டுக் கொடி கிடைத்தால், ஈரம் காயாத தொட்டியில் நட்டு, கம்பித் தடுப்பில் ஒரு சணல் கயிறு கட்டிவிடுங்கள்.