பழைய பி.எஸ்.எல்.வி.யில் அறிவியல் செயற்கைக்கோளை ஏற்றலாமா?

1993-இல் முதலில் பறந்த ராக்கெட், அதிலும் அடுத்தடுத்து இரண்டு தோல்வி, இன்னுமா அதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால் பெங்களூரில் கல்லூரிக் குழுவோடு கருவி செய்பவர் போலத் தெரிகிறது. அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஏற்றலாம். ஆனால் வயதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டிடெக்டரைத் தாங்கும் பிராக்கெட் எவ்வளவு கனமாக இருக்கவேண்டும் என்பது ஏவும் நாளுக்குப் பல வருஷம் முன்பே முடிவாகிவிடும். எந்த அலைவெண்ணில் எவ்வளவு உலுக்கும், செயற்கைக்கோளை மூடியிருக்கும் கவசம் பிரியும்போது எவ்வளவு அதிர்ச்சி வரும் என்பதெல்லாம் பி.எஸ்.எல்.வி.க்கு அறுபதுக்கும் மேற்பட்ட தடவை பறந்து அளந்த எண்கள். புது ராக்கெட்டில் எல்லாம் கணிப்பு. கணிப்புக்கு மேல் வைக்கும் பாதுகாப்பு விளிம்பு முழுக்க உங்கள் எடைக் கணக்கில்தான் விழும். ஐரோப்பாவின் நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் 1996-இல் ஏரியன் 5 என்ற புது ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே அழிந்துபோயின. மறுபடி செய்ததை 2000-இல் ரஷ்யாவின் பழைய சோயுஸ் ராக்கெட்டில்தான் அனுப்பினார்கள்.

சுற்றுப்பாதையும் முக்கியம். ஸ்ரீஹரிகோட்டா கிட்டத்தட்ட 13.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. பி.எஸ்.எல்.வி.யில் போன இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டுக்கு (2015) வேண்டியிருந்ததோ 6 டிகிரி சாய்வு, 650 கிலோமீட்டர் உயரம். தென் அட்லாண்டிக் பக்கம் கதிர்வீச்சு அதிகம், எக்ஸ்-ரே டிடெக்டர் அதற்குள் ஆழமாகப் போகக்கூடாது. அந்தச் சாய்வுக்கு ராக்கெட் போகிற வழியில் திசை திரும்பவேண்டும், அதற்குத் தூக்கும் எடையில் ஒரு பங்கைக் கொடுக்கவேண்டும். 1,500 கிலோவை அப்படிக் கொண்டுபோக இஸ்ரோவின் சின்ன ராக்கெட் எஸ்.எஸ்.எல்.வி.யால் முடியாது. பெரிய ராக்கெட் எல்.வி.எம்.3 தேவைக்கு மிகப் பெரிது.

சரி, தோல்விகள்? 2025 மே சி61, 2026 ஜனவரி சி62 என்ற இரண்டு ஏவல்களிலும் கோளாறு மூன்றாம் கட்டத்தில். அது திட எரிபொருள் மோட்டார். திரவ எஞ்சினைத் தரையில் எரித்துப் பார்த்துவிட்டு ஏற்றலாம். இதை எரித்தால் தீர்ந்தது. எக்ஸ்-ரே எடுத்து விரிசல் இருக்கிறதா, உறையிலிருந்து எரிபொருள் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம், அதே வகை மோட்டார் ஒன்றைத் தரையில் எரித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். வரைபடம் முப்பது வருஷப் பழசு என்பதால் இன்று வார்த்த மோட்டார் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. நீங்கள் கேட்கவேண்டியது இதுதான்: கடைசி வெற்றிக்குப் பிறகு பொருள், சப்ளையர், பதப்படுத்தும் முறை எதுவும் மாறியதா? (இப்படிக் கேட்பது தேசத்துரோகம் என்று கிளம்புகிறவர்கள் தயவுசெய்து கீழே சண்டை போடவேண்டாம். காப்பீட்டுக்காரன் முதலில் கேட்பதே இதைத்தான்.)

தோல்வி வந்தால் விசாரணை முடியும்வரை அடுத்த ஏவல் நிற்கும். அதனால் ஆரம்பத்திலேயே மாற்றாக இன்னொரு ராக்கெட்டையும் யோசித்து, இரண்டின் அதிர்வு எண்களையும் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொரு அலைவெண்ணிலும் எது பெரிதோ அதற்கு வடிவமையுங்கள். காத்திருக்கும் மாதங்களில் பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் செய்ய ஆளும் கருவியும் வேண்டும். புற ஊதாக் கண்ணாடி இருந்தால் சுத்தமான நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். கண்ணாடியில் துளி எண்ணெய்ப் படலம் படிந்தாலும் அந்த அலைநீளத்தில் ஒளி விழுங்கப்படும்.

செயற்கைக்கோளை ரோட்டு வழியாக ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கொண்டுபோகும் பெட்டிக்குள் அதிர்வுப் பதிவுக் கருவி ஒன்றையும் வையுங்கள். ராக்கெட்டை இவ்வளவு ஆராய்கிறோம், பெங்களூர் மாரத்தஹள்ளிப் பக்கத்து ரோட்டுக் குழியை யாரும் கேட்பதில்லை. வருஷா வருஷம் தார் போடுகிறார்கள், முதல் மழையில் போய்விடுகிறது. பதிவில் வரம்பு மீறிய உலுக்கல் தெரிந்தால், ஸ்ரீஹரிகோட்டாவில் பெட்டியைத் திறந்ததும் ஒளியியல் அச்சை மறுபடி அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை.