ஜெபத்துக்கு உட்கார மறுக்கும் மகன்

ஐயா,
நாங்கள் மூன்று தலைமுறையாக லுத்தரன் சபை. மகனுக்கு 14 வயது, அடுத்த வருடம் திடப்படுத்தல், அதாவது தன் விசுவாசத்தைச் சபை முன் தானே அறிக்கையிடும் ஆராதனை. இரவு குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால், "நீங்க பண்ணுங்க" என்று அறைக்குள் போய்விடுகிறான். அவன் அப்பா சத்தம் போடுகிறார். விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் ஞானோபதேசத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். மனதில் ஒன்றும் இறங்கவில்லை. எங்கே தவறினோம்?
ஒரு தாய், மயிலாடுதுறை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தவறவில்லை. அவன் ஒப்பிக்கிற ஞானோபதேசத்திலேயே, சபையின் விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு, நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் எழுதிய விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். என் புத்தியாலும் பலத்தாலும் நான் இயேசுவை விசுவாசிக்க முடியாது, பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்கிறார். அப்படியிருக்க, அப்பாவின் சத்தத்தால் மகனுக்கு எப்படி விசுவாசம் வரும்?

அதற்காக வீட்டில் சும்மா இருக்கச் சொல்லவில்லை. 1528இல் லுத்தர், ஜெர்மனியின் சாக்சனிக் கிராமச் சபைகளைப் போய்ப் பார்த்து, ஜனங்களுக்கு அடிப்படைகூடத் தெரியவில்லையே என்று நொந்துதான் 1529இல் அந்தச் சிறு நூலை எழுதினார். முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகத்தான் அச்சானது. குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்கும் விதம் என்றே தலைப்பு வைத்தார். ஆனால் அதைவிட விரிவாக எழுதிய பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில், தானும் தினமும் காலையில் ஒரு பிள்ளையைப்போல அதையே சொல்லிப் படிப்பதாக எழுதுகிறார். கற்றுக்கொடுக்கிறவரும் அங்கே மாணவர்தான். உங்கள் கணவர் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அப்போது எனக்கு உங்கள் மகன் வயது இருக்கும். நிலத் தகராறில் அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. ஒருநாள் இரவு ஜெபத்தில் அப்பா, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் நின்றுவிட்டார். விரல் அந்த வரியிலேயே இருந்தது. அம்மாதான் மீதியைச் சொல்லி முடித்தார். விடிந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். அன்றைக்குத்தான் அந்த ஜெபம் எனக்குள் இறங்கியது. அதுவரை நானும் ஒப்பித்தவன்தான்.

திடப்படுத்தலைப் பற்றி உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். மகன் இன்னும் ஒரு வருடம் கேட்டால் கொடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். அவன் சந்தேகம் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

இன்று இரவு, சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில் ஜெபத்துக்கும் கூப்பிடுங்கள். வராவிட்டால் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.