வீட்டில் செய்யும் சிறுதொழிலைப் பெரிதாக்குவதா, இப்படியே வைத்திருப்பதா?

வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன், கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், கடன் எடுத்துப் பெரிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. ஆனால் "வீட்டுக்காரர் எடுக்கச் சொல்கிறார், எனக்குத்தான் பயம்" என்று எழுதியிருப்பதால், கடன் உங்கள் பெயரில்தான் எழுதப்படப்போகிறது என்று எடுத்துக்கொள்கிறேன் தங்கச்சி. இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் அப்படித்தான் நடக்கும்.

முன்பு பதில் எழுதியவர்களில் ஒருவர், வளராத தொழில் அழிந்துபோகும், துணிந்து இறங்குங்கள் என்கிறார். அதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் மிளகாய்த்தூள் செய்து விற்கிறேன். போர் முடிந்து மீள்குடியேறி வந்து, கொட்டிலில் இருந்த காலத்தில் தொடங்கிய தொழில். என் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். தொழில் அழியவும் இல்லை, பெரிய கம்பனி ஆகவும் இல்லை. நான் பயந்தவள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பயமும் ஒரு கணக்குத்தான்.

கேட்பவர்கள் கூடினால் போதாது. கைக்காசு தந்து வாங்குபவர்கள் கூட வேண்டும். அதுவரை பெரிதாக்க வேண்டாம். இதை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையைச் சொல்ல வேண்டும்.

2021ஆம் ஆண்டுக் கடைசியில் ஒரு கொழும்பு வியாபாரி வீடு தேடி வந்தார். வெளிநாட்டுக் கடைகளுக்குக் கொள்கலனில் சாமான் அனுப்புபவர். எங்கள் உறவினர் வீட்டில் என் தூள் போட்டு வைத்த கறியைச் சாப்பிட்டிருக்கிறார். மாதம் 200 கிலோ வேண்டும் என்றார். பையில் தங்களுடைய பெயர்தான் இருக்கும், விலை ஒரு வருடத்துக்கு மாறக் கூடாது, பொருள் வந்து சேர்ந்து 60 நாளில் பணம், பழுதென்றால் திருப்பி அனுப்புவோம் என்றார். நான் அப்போது மாதம் முப்பது, நாற்பது கிலோ செய்துகொண்டிருந்தவள். வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. தம்பி அன்றைக்கே அரைக்கும் இயந்திரத்துக்கு விலை விசாரித்துவிட்டான். அடுத்த கிழமை ஒரு நிதி நிறுவனத்தின் உத்தியோகத்தர் படிவத்தோடு முற்றத்தில் வந்து நின்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் மகளின் பழைய கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். உங்களுக்கு விளங்குவதற்காக முழு எண்களில் சொல்கிறேன். செத்தல் மிளகாய், மல்லி, மற்றச் சரக்குகள், விறகு, அரைகூலி, பை எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 1,500 ரூபாய் செலவு என்று வையுங்கள். 200 கிலோவுக்கு 3 இலட்சம். முதல் மாதத் தொடக்கத்தில் சாமான் வாங்கி, மாதக் கடைசியில் தூளை அனுப்பினால், பணம் வருவது மூன்றாம் மாதக் கடைசியில். அதற்குள் இரண்டாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் சாமான் வாங்கியாக வேண்டும். ஒரு சதம் கைக்கு வரும் முன்பே 9 இலட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். கிலோவுக்கு 150 ரூபாய் இலாபம் வைத்தால் மாதம் 30,000. அந்த 9 இலட்சத்தை நூற்றுக்கு இரண்டு மாத வட்டிக்கு எடுத்தால் வட்டியே 18,000. மிச்சம் 12,000. இயந்திரத்தின் தவணை, லொறிக் கூலி, திரும்பி வரும் பொதிகள், என் உழைப்பு, எல்லாம் அந்த 12,000த்துக்குள் அடங்க வேண்டும். அந்த வியாபாரியின் தொழிலுக்கு நான் வட்டி கட்டுவதாகத்தான் அந்தக் கணக்கு முடிந்தது. 15 நாளில் பணம் தருவீர்களா என்று கேட்டேன். அது தங்கள் வழக்கமில்லை என்றார். மறுத்துவிட்டேன்.

தம்பி என்னோடு நெடுநாள் கதைக்கவில்லை. பிறகு 2022 வந்தது. மார்ச் வரை 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. நாங்கள் வாங்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது, மல்லியும் வெளியிலிருந்து வருவதுதான். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்கூட மின்சாரம் நின்றது. பழைய விலைக்கு ஒரு வருடம் தருவதாகக் கையெழுத்து வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். இப்படியெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே அறிந்து மறுத்தேன் என்று நான் பெருமை பேசவில்லை. நாடு நன்றாக இருந்திருந்தாலும் அந்தக் கணக்கு சரிவந்திராது.

கடன் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வயிறு கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. போருக்குப் பிறகு குழுக்கடன் தருபவர்கள் வீடு வீடாக வந்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலிக்க வருபவர், பணம் கைக்கு வரும்வரை இருட்டினாலும் எழும்ப மாட்டார். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க வேறொன்று என்று தோட்டைக் கழற்றி, தாலிக்கொடியையும் அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மூன்றும் அந்தப் பன்னிரண்டில் இருந்தன. அந்தப் பெண்கள் சோம்பேறிகள் அல்ல. தையல், கோழி, சிறுகடை என்று உங்களையும் என்னையும் போலத் தொழிலைப் பெரிதாக்கப் போனவர்கள்தான்.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். அளவு கூடினால் பொருள் மாறும், இதை யாரும் சொல்வதில்லை. தூளுக்கு ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். மல்லிக்கு ஒரு சூடு, பெருஞ்சீரகத்துக்கும் சின்னச்சீரகத்துக்கும் இன்னொரு சூடு, வெந்தயம் ஒரு கணம் கூடினாலும் கசந்துபோகும். ஒரே தாச்சியில் இரட்டிப்பு மிளகாயைப் போட்டால் அடியில் உள்ளது கருகும், மேலே உள்ளது பச்சையாக நிற்கும். மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, வெயிலை நம்ப முடியாது. ஈரம் போகாத மிளகாயை அரைத்தால் தூள் கட்டிபடும், பூஞ்சணம் பிடிக்கும். இயந்திரத்தில் விடாமல் அரைத்தால் தூள் சூடேறி மணம் போய்விடும், ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் அரைக்க வேண்டும். 200 கிலோவுக்கு இந்தப் பொறுமை எங்கே இருக்கும்? உங்கள் பலகாரத்திலும் இப்படி ஓர் இடம் கட்டாயம் இருக்கும். எண்ணெயா, பாகா, மாவின் பதமா என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த இடத்தை இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

வீட்டையும் பாருங்கள். முன்பெல்லாம் மிளகாய் வறுக்கும் நாளில் பிள்ளைகள் இருமிக்கொண்டு படிப்பார்கள். பொதி கட்டுவதும் அவர்கள் எழுதும் மேசையில்தான். இதற்கென்று தனியாக ஒரு கொட்டில் போட்ட பிறகுதான் வீடு வீடாக மாறியது. என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய செலவு அந்தக் கொட்டில்தான், அதையும் கைக்காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன்.

அதற்காக நான் வளரவே இல்லை என்று எண்ண வேண்டாம். இரண்டு பெண்கள் என்னோடு வேலை செய்கிறார்கள், அன்றன்றைய கூலியை அன்றன்றே கொடுக்கிறேன். முத்தையன்கட்டுப் பக்கத்தில் மிளகாய்ப் பயிர் செய்பவர்களிடம் விலை இறங்கும் காலத்தில் பழமிளகாய் வாங்கி நாங்களே காயவைத்துக்கொள்கிறோம். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஏறிய பிறகு, வளவில் மஞ்சள் நட்டோம். மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் உள்ள கடைகளுக்குக் கொடுக்கிறேன், பணத்தை வாங்கிக்கொண்டுதான் பொதியை இறக்குவேன். தூரத்து ஆட்கள் வங்கியில் பணம் போட்ட பிறகு பஸ்ஸில் அனுப்புகிறேன். இப்படியே மாதம் நூறு கிலோவுக்கு மேல் வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வருவார்கள். "உன் தூள் போல எங்கும் இல்லை" என்று ஐந்து கிலோ, பத்து கிலோ கட்டித் தரச் சொல்வார்கள். பணம் என்று வாயெடுத்தால் முகம் மாறிவிடும், சொந்தத்துக்குள் காசா என்பார்கள். அதே ஆட்கள் அங்கே கடையில் ஒரு சின்னப் பைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கிலோ தூளில் எத்தனை பேரின் கண்ணெரிச்சல் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அன்பளிப்பாக நானே தருவது வேறு, உரிமையாகக் கேட்டு வாங்குவது வேறு. அன்பு இல்லாதவள் என்று என்னைச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஆறாத வலி.

எல்லாருக்கும் என் வழிதான் சரி என்று வாதாட வரவில்லை. கடன் எடுத்து நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. சம்பளக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தால், ஒரு மாதம் சறுக்கினாலும் அடுப்பு எரியும். என் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. நான் வணிகம் படித்தவளும் அல்ல, படித்தவர்கள் என் கணக்கில் பிழை கண்டால் எழுதுங்கள், வாசிக்கிறேன்.

உங்களிடம் பெரிய ஓடர் தருகிறேன் என்பவரிடம் விலையைப் பேசும் முன்பே, எத்தனை நாளில் பணம் என்று கேளுங்கள். முடிந்தால் பாதியை முற்பணமாகக் கேளுங்கள். வீட்டுக்காரருக்கு வாயால் சொல்லாதீர்கள், நான் போட்டதுபோல மாதம் மாதமாக எழுதிக் காட்டுங்கள், எழுத்தில் பார்த்தால் ஆண்கள் சண்டை பிடிப்பது குறைவு. பிரதேச செயலகத்தில் தொழிலின் பெயரைப் பதியுங்கள், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் தேவைப்படும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களாகவே கூப்பிட்டுச் சமைக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள். பையில் உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, நிறை, உங்கள் பெயர், முகவரி எல்லாம் இருக்கட்டும். சின்னதாக வைத்திருந்தாலும் பெரிதாக்கினாலும் இவை வேண்டும்.