மேடையும் சிறார் நாவலும்: வாசகர் கேள்வி – பதில்

நாடகங்கள் எழுதிக்கொண்டே சிறுவர்களுக்கான நாவல்களும் எழுதுவோரின் எழுத்து வாழ்க்கையைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாக மேடை நாடகங்கள் எழுதிவருகிறேன். இப்போது பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்காக ஒரு நாவலைத் தொடங்கியிருக்கிறேன். உரையாடல்கள் தடையின்றி வருகின்றன. அவற்றுக்கு இடையில் நான் எழுதுவதெல்லாம் மேடைக் குறிப்பைப் போலவே இருக்கிறது. நாடகத்தில் பழகிய கை நாவலுக்கு ஆகாதா?

பதில்: நன்றாகவே ஆகும். நாடகப் பிரதி நடிகரையும் இயக்குநரையும் ஒளியமைப்பாளரையும் நம்பி எழுதப்படுவது. 'அவள் கதவருகே நிற்கிறாள்' என்று எழுதிவிட்டால் போதும். எவ்வளவு நேரம் தயங்குகிறாள், எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்பதையெல்லாம் நடிகை தன் உடலாலும் மௌனத்தாலும் நிரப்பிவிடுவார். நாவலில் அந்த நடிகை இல்லை. அவர் செய்த வேலை முழுவதையும் கதைசொல்லியின் குரல் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே, இந்தக் கதையை யார் சொல்கிறார், அவர் சிறுவர்களிடம் எந்த உறவில் நின்று பேசுகிறார் என்பதை நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டும். அது முடிவாகாதவரை, எழுதுவது எல்லாம் மேடைக் குறிப்பாகத்தான் வரும்.

இதற்கு ஜே. எம். பாரியை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்பது என் கருத்து. அவருடைய 'பீட்டர் பான்' 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் டியூக் ஆஃப் யார்க் அரங்கில் நாடகமாகத்தான் முதலில் அரங்கேறியது. அதை அவர் 'பீட்டரும் வெண்டியும்' என்ற நாவலாக வெளியிட்டது 1911-இல். நாடகத்தில் டிங்கர் பெல் என்னும் தேவதை உயிர் பிரியும் நிலையில் கிடக்கும்போது, தேவதைகள் உண்டு என்று நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று பீட்டர் அரங்கில் இருப்பவர்களை நோக்கிக் கேட்கிறான். அரங்கு முழுவதும் கை தட்டும், தேவதை பிழைத்துக்கொள்வாள். புத்தகத்தை மடியில் வைத்துத் தனியாகப் படிக்கும் குழந்தையிடம் இதை எப்படிக் கேட்பது? பாரி நாவலில் அந்த இடத்தை அடியோடு மாற்றினார். அங்கே குழந்தைகள் யாரும் இல்லை, அது இரவு நேரம் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தத் தீவைக் கனவு காணக்கூடிய எல்லாக் குழந்தைகளையும் நோக்கிப் பீட்டர் பேசுவதாக எழுதினார். பலர் தட்டினார்கள், சிலர் தட்டவில்லை, ஒரு சிலர் எதிர்ப்பொலியும் எழுப்பினார்கள் என்று கதைசொல்லியே நமக்குச் சொல்கிறார். மேடையில் பார்வையாளர்கள் செய்ததை நாவலில் ஒரு குரல் செய்கிறது. சற்றுக் குறும்பும் இரக்கமும் கலந்த அந்தக் குரல், நாடகத்தில் இல்லாத புதிய பாத்திரமாகவே நாவலுக்குள் நுழைந்துவிடுகிறது.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்க நாடகாசிரியர் பால் ஜிண்டெல் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே நாடகம் எழுதியவர். அவருடைய நாடகம் ஒன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதைப் பார்த்த ஹார்பர் பதிப்பகத்தின் ஆசிரியர் ஷார்லட் ஸோலோடோவ், வளரிளம் பருவத்தினருக்காக எழுதும்படி அவரைக் கேட்டார். அப்படிப் பிறந்த 'தி பிக்மேன்' நாவல் 1968-இல் வெளிவந்தது. முன்பு ஒளிபரப்பான அதே நாடகத்துக்கு 1971-இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. அந்த நாவலில் தனியான கதைசொல்லி கிடையாது. ஜான், லொரெய்ன் என்னும் இருவரும் மாற்றி மாற்றி அத்தியாயம் அத்தியாயமாகக் கதையைச் சொல்கிறார்கள். பாத்திரங்களின் குரலில் பேசுவதுதானே நாடகாசிரியருக்கு இயல்பாக வருவது. அதையே அவர் நாவலின் உடலாக ஆக்கிக்கொண்டார். உங்களுக்கு இடைப்பகுதிகள் கைகூடவில்லை என்றால், கதையைப் பாத்திரம் ஒன்றின் வாயிலேயே கொடுத்துப் பாருங்கள்.

எழுதி முடித்த காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் உரையாடல்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, நடந்ததை மட்டும் ஒரு குழந்தையிடம் சொல்வதைப் போல எழுதிப் பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கே உரிய கதைசொல்லி அப்போது வெளிப்படுவார். பிறகு எந்தெந்த உரையாடல் திரும்பி வர வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் தேவைப்படாது. முன்கதையைப் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது மேடையில் வேறு வழியில்லாததால் வந்த பழக்கம். நாவலில் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர முடியும்.

மேடை கற்றுக்கொடுத்தவற்றை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். காட்சியை அதன் சூடான இடத்தில் தொடங்குவது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அந்தக் காட்சியில் ஏதோ ஒன்று வேண்டியிருப்பது, வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவது ஆகிய மூன்றும் சிறுவர் வாசகருக்கு மிகவும் பொருந்துபவை. சலிப்பை மறைத்துக்கொண்டு படிக்கும் மரியாதை குழந்தைகளிடம் கிடையாது. இதை அரங்கில் அமர்ந்து பார்த்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே கதைதான். அதை முதலில் நாடகமாக எழுதுவதா, நாவலாக எழுதுவதா? ஒன்றாக எழுதியதை மற்றொன்றாக மாற்றுவது பழைய சரக்கை மீண்டும் விற்பதாகாதா?

பதில்: ஆகாது, இதைப் பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் அனுபவம் அழுத்தமாக நிறுவுகிறது. நாவலாசிரியராகப் புகழ்பெற்ற அவர் மேடைக்கும் தொடர்ந்து எழுதியவர். 'சாரா க்ரூ' என்ற குறுநாவலை அவர் 1880-களின் இறுதியில் எழுதினார். பள்ளி விடுதியில் செல்வச் சிறுமியாக இருந்து, தந்தை இறந்ததும் வேலைக்காரியாக்கப்படும் ஒரு பெண்ணின் கதை அது. 1902-இல் அதை அவரே நாடகமாக்கினார். அங்கங்களை நிரப்ப முற்பட்டபோது, அந்தப் பள்ளியில் தான் முன்பு எழுதாமல் விட்டவர்கள் பலர் இருப்பதைக் கண்டுகொண்டார். லாட்டி என்ற சின்னஞ்சிறு பெண், சாராவிடம் உயிரையே வைத்திருக்கும் சமையலறைச் சிறுமி, மாடி அறையில் குடியிருக்கும் மெல்கிசெடெக் என்னும் எலி ஆகியோர் அப்படி வந்தவர்கள். நாடகத்துக்குப் பிறகு, விட்டுப்போன எல்லாவற்றையும் சேர்த்துக் கதையை மீண்டும் எழுதும்படி பதிப்பாளர் கேட்டுக்கொள்ள, 1905-இல் 'எ லிட்டில் பிரின்சஸ்' முழு நாவலாக வெளிவந்தது. இன்று உலகம் படிப்பது அந்த மூன்றாவது வடிவத்தைத்தான். இதையெல்லாம் அந்த நாவலின் முன்னுரையில் அவரே மகிழ்ச்சியோடு விவரித்திருக்கிறார்.

மேடை எந்தப் பாத்திரத்தையும் சும்மா நிற்க விடாது. மேடையில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு காரணமும் ஒரு செயலும் இருந்தாக வேண்டும். கதையில் வெறும் பெயராகக் கிடந்தவர்கள் அங்கே ஆட்களாகிறார்கள். எனவே உங்கள் கதையில் பலர் கூடி வாழும் ஓர் இடம் மையமாக இருந்தால், நாடகத்தில் தொடங்குங்கள் என்பேன். ஒரு குழந்தை தனக்குள்ளேயே நடத்தும் போராட்டம் மையமாக இருந்தால், நாவலில் தொடங்குவதே நல்லது. அதை மேடையில் காட்ட முயன்றால் தனிப்பேச்சுகள் பெருகிக் கதை தேங்கிவிடும்.

கேள்வி: என் தோழி பெரியவர்களுக்கான நாடகங்களால் மதிக்கப்படுபவர். சிறார் நாவல் எழுதினால் 'குழந்தை எழுத்தாளர்' என்ற பெயரில் தன் நாடகங்கள் மறைந்துபோகும் என்று அஞ்சுகிறார். இந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. அதை இல்லை என்று சொல்லி அவரைத் தேற்ற நான் விரும்பவில்லை. ஏ. ஏ. மில்ன் 1919-இல் மேடையேறிய 'மிஸ்டர் பிம் பாஸஸ் பை' முதலான நகைச்சுவை நாடகங்களால் 1920-களின் தொடக்கத்திலேயே வெற்றிபெற்ற நாடகாசிரியர். 1926-இலும் 1928-இலும் வெளிவந்த 'வின்னி-த-பூ' என்னும் கரடியைப் பற்றிய இரண்டு கதைநூல்கள் அவருடைய மற்ற எழுத்துகள் அனைத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. 1928-க்குப் பிறகு அந்தக் கரடியைப் பற்றி அவர் வேறு நூல் எழுதவில்லை. தம் நாடகங்கள் அந்த நிழலில் மங்கியது அவருக்கு உண்மையான வருத்தமாகவே இருந்தது.

ஆனாலும், அந்தக் கதைநூல்களைத் திறந்து பாருங்கள். கரடியும் பன்றிக்குட்டியும் சோர்ந்த மனத்தோடு திரியும் கழுதையும் யார் யார் என்பது ஏறக்குறைய முழுவதுமே அவர்கள் பேசுகிற விதத்தால் தெரியவருகிறது. ஒருவர் சொன்னதை மற்றவர் தவறாகப் புரிந்துகொண்டு மரியாதையோடு பதில் சொல்லும் அந்த உரையாடல்களை, நகைச்சுவை நாடகங்களில் பல ஆண்டுகள் பழகிய கைதான் எழுத முடியும். மில்னின் நாடகக் கலை அங்கே தொலைந்துபோகவில்லை. அது மிகுந்த நுட்பத்தோடு செயல்பட்டிருப்பதே அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். சிறுவர்களுக்கு எழுதுவது இரண்டாந்தர வேலை என்ற எண்ணத்தை விமர்சகர்கள் இன்னும் விட்டபாடில்லை; அதற்காக உங்கள் தோழி தன் கதையை எழுதாமல் விடுவது பெரிய இழப்பு. இரு துறைகளிலும் இடைவெளியின்றி மாறி மாறி வெளியிடுவது ஓரளவு பாதுகாப்பைத் தரும். சிறார் நாவலுக்குப் புனைபெயர் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே மனிதரின் இரு வகை எழுத்துகளையும் வாசகர் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது.

கேள்வி: நாவல் வெளியாகி, அதை யாரேனும் நாடகமாக்க விரும்பினால் உரிமை யாருக்கு? இவ்விரண்டிலிருந்தும் வருமானம் எப்படி வரும்?

பதில்: வருமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவலுக்குப் பொதுவாக விற்கும் பிரதிகளின் அளவைப் பொறுத்து ராயல்டி கிடைக்கும். நாடகத்துக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தொகையோ, நுழைவுச்சீட்டு வசூலில் ஒரு பங்கோ கிடைக்கும். நிகழ்ச்சிகள் நின்றால் நாடக வருமானமும் நிற்கும். நல்ல சிறார் நாவலுக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய வாசகர்கள் வருகிறார்கள்.

உரிமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1888-இல் பர்னெட்டின் 'லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்' நாவலை அவருடைய அனுமதியின்றி ஒருவர் லண்டனில் மேடையேற்றினார். அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி நாவலை நாடகமாக நடிப்பது உரிமை மீறல் ஆகாது. அதன் வரிகளைப் படியெடுப்பது மட்டுமே மீறல். அந்த நாடகப் பிரதிக்கு எடுக்கப்பட்டிருந்த நான்கு படிகளில் நாவலின் வரிகள் பெருமளவில் அப்படியே இருந்ததால் வழக்கில் தீர்ப்பு அதை மேடையேற்றியவருக்குப் பாதகமாக அமைந்தது. பர்னெட் தாமே எழுதிய நாடக வடிவமும் அதே ஆண்டு அரங்கேறியது. நாவலை நாடகமாக்கும் உரிமை ஆசிரியருக்கே உரியது என்பதைப் பிரிட்டன் 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் எழுதிவைத்தது. இன்று பெரும்பாலான நாடுகளில் அந்த உரிமை ஆசிரியருக்கு உண்டு.

அந்த உரிமையின் மதிப்பைப் பாரி அறிந்திருந்தார். 1929-இல் 'பீட்டர் பான்' உரிமைகளை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடையாக அளித்தார். பதிப்புரிமைக் காலம் முடிந்த பிறகும் அந்த மருத்துவமனைக்கு ராயல்டி கிடைத்துக்கொண்டே இருக்கும்படி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிப்பிரிவு சேர்த்தது.

நாவல் ஒப்பந்தத்தில் 'அனைத்து உரிமைகளும்' என்ற சொற்கள் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். அச்சு நூல், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, மேடை, திரை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். மேடை உரிமை உங்களிடமே இருக்கிறது என்ற வாக்கியம் தெளிவாக இடம்பெற வேண்டும். நாடகம் முதலில் எழுதப்பட்டிருந்தால், அதை அரங்கேற்றிய குழுவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நாவலாக்கும் உரிமை யாரிடம் விடப்பட்டிருக்கிறது என்பதைப் பதிப்பாளரிடம் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒத்திகையின்போது நடிகர்கள் கூட்டிச் சேர்த்த வசனங்களையும் நிகழ்வுகளையும் நாவலில் பயன்படுத்த நினைத்தால், அவர்களிடம் எழுத்து மூலம் இசைவு பெற்றுக்கொண்டு, நூலில் அவர்களுடைய பெயர்களையும் குறிப்பிடுங்கள்.